செல் உடைந்த பின் சேர்ந்தவை

2024ஆம் ஆண்டு ‘மாலிக்யுலர் செல்’ இதழில் வந்த ஒரு கட்டுரை தலைப்பிலேயே வம்புக்கு இழுத்தது. பி.ஆர்.சி.2 என்ற புரதக் கூட்டும், ஆர்.என்.ஏ.வோடு இணைவதாகப் பரவலாகச் சொல்லப்பட்டுவரும் வேறு சில குரோமாட்டின் புரதங்களும், உயிருள்ள செல்லுக்குள் ஆர்.என்.ஏ.வை நேரடியாகத் தொடுவதாகத் தெரியவில்லை என்பது அதன் சாரம். எழுதியது கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் மிட்செல் குட்மன் குழு. எதிரே நின்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆர்.என்.ஏ.வே நொதியாக வேலை செய்யும் என்று காட்டி 1989இல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் செக், எக்ஸ் குரோமோசோம் எப்படி அடங்குகிறது என்ற கேள்வியைப் பல்லாண்டுகளாகத் துரத்திவரும் ஜீனி லீ, லண்டனின் ரிச்சர்ட் ஜென்னர், ஆஸ்திரேலியாவின் சென் டாவிடோவிச். மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக வழக்கு நீண்டது.

இந்த வழக்கை வெறும் அறிஞர் பூசலாகத் தள்ளிவிட முடியாது. ஒரு புரதம் ஒரு ஆர்.என்.ஏ.வைச் செல்லுக்குள் பிடித்திருக்கிறதா என்பதை அறிய உயிரியலாளர்கள் இருபது ஆண்டுகளாக நம்பிவந்த சோதனை முறைகள் எல்லாமே இதில் சாட்சிக் கூண்டில் ஏறியிருக்கின்றன. அந்தச் சாட்சிகள் ஒவ்வொன்றும் எதைப் பார்த்தது, எதைப் பார்த்திருக்கவே முடியாது என்று பிரித்தால்தான் தீர்ப்புக்கு வழி பிறக்கும்.

பி.ஆர்.சி.2 செய்யும் வேலையில் தகராறு இல்லை. எச்3 என்ற ஹிஸ்டோன் புரதத்தின் 27ஆவது இடத்திலுள்ள லைசினில் அது மீத்தைல் குழுக்களை ஒட்டுகிறது. அந்த முத்திரை விழுந்த மரபணு அடங்கிக் கிடக்கிறது. முத்திரை குத்தும் நொதிப் பகுதியின் பெயர் இ.இசட்.எச்.2. அதைத் தடுக்கும் டாசெமெட்டோஸ்டாட் என்ற மருந்து ஓர் அரிய புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதி பெற்றது. தகராறு முகவரியில்தான் தொடங்குகிறது. பழ ஈயில் இந்தக் கூட்டை அழைத்து உட்காரவைக்கும் டி.என்.ஏ. துண்டுகள் உண்டு. பாலூட்டிகளில் அவ்வளவு தெளிவான அடையாளம் அகப்படவில்லை. அப்படியானால் எந்த மரபணுவை அடக்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

அந்த வெற்றிடத்தில்தான் நீண்ட குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்கள் வந்து உட்கார்ந்தன. 2007இல் ஸ்டான்ஃபோர்டில் ஹவார்ட் சாங் ஆய்வகத்திலிருந்து ஜான் ரின் முதலானோர் ஹாட்டேர் என்ற ஆர்.என்.ஏ.வை அறிவித்தார்கள். ஒரு குரோமோசோமில் பிறந்து, வேறொரு குரோமோசோமிலிருக்கும் ஹாக்ஸ்-டி மரபணுத் தொகுதிக்கு பி.ஆர்.சி.2ஐ அழைத்துப்போய் அதை அடக்குகிறது என்பது கதை. 2008இல் ஜீனி லீயின் குழு, எக்ஸ் குரோமோசோமை அடக்கும் எக்ஸிஸ்ட் ஆர்.என்.ஏ.வின் ‘ஏ’ மீள்வரிசையைப் பி.ஆர்.சி.2 நேரடியாகப் பிடிக்கிறது என்றது. 2009இல், சோதித்த நீண்ட ஆர்.என்.ஏ.க்களில் ஐந்தில் ஒன்று இந்தக் கூட்டோடு சேர்ந்திருப்பதாக ஒரு கட்டுரை. 2010இல் லீயின் குழு தந்த பட்டியலில் ஏறத்தாழ 9,000 ஆர்.என்.ஏ.க்கள். அந்த எண்ணைப் பார்த்த உடனேயே யாராவது உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். ஒன்பதாயிரம் பேர் வழிகாட்டினால் போகிறவன் எந்த ஊருக்குப் போவான்?

இங்கே மூன்று தனித்தனிக் கூற்றுகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. சோதனைக் குழாயில் தூய பி.ஆர்.சி.2 ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் என்பது ஒன்று. உயிருள்ள செல்லுக்குள்ளும் அது ஆர்.என்.ஏ.வைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பது இன்னொன்று. குறிப்பிட்ட ஆர்.என்.ஏ. குறிப்பிட்ட மரபணுவுக்கு அதை அழைத்துப் போகிறது என்பது மூன்றாவது. ஒன்றுக்கான சான்றை மற்றொன்றின் கணக்கில் வரவு வைப்பது இந்தத் துறையில் வழக்கமாகவே ஆகிவிட்டது. இரு தரப்பிலும் இதைக் காண்கிறேன்.

முதல் கூற்றைப் பற்றி நீட்டத் தேவையில்லை. தூய பி.ஆர்.சி.2 ஆர்.என்.ஏ.வை இறுக்கமாகப் பிடிக்கிறது, குவானின் அடுத்தடுத்து வரும் வரிசைகளையும் அவை மடிந்து உண்டாக்கும் நான்கிழை அமைப்புகளையும் விசேஷமாக விரும்புகிறது. அப்படிப் பிடித்தபின் அதன் நொதி வேலை தடைபடுகிறது. 2023இல் ‘சயின்ஸ்’ இதழில், நான்கிழை ஆர்.என்.ஏ.வோடு சேர்ந்த இந்தக் கூட்டின் வடிவத்தையே உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டிவிட்டார்கள். குட்மன் குழுவின் வாதம் செல்லுக்குள் நடப்பதைப் பற்றியது, இதை அது தொடவில்லை.

ஆனால் 2013இல் செக்கின் ஆய்வகத்தில் டாவிடோவிச் செய்த சோதனையில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஹாட்டேரையும் எக்ஸிஸ்டையும் பிடிக்கும் அதே பி.ஆர்.சி.2, தான் வாழ்நாளில் சந்திக்கவே வாய்ப்பில்லாத பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வையும் ஏறக்குறைய அதே ஆர்வத்தோடு பிடித்தது. நீளம் கூடக்கூடப் பிடியும் கூடியது. கண்டதையெல்லாம் பிடிக்கும் குணம் என்று தயங்காமல் தலைப்பிலேயே எழுதினார்கள், அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் அதன் மறுபக்கத்தை அப்போது பலர் எண்ணிப் பார்க்கவில்லை. கண்டதையெல்லாம் பிடிக்கும் புரதம் செல்லுக்குள் மட்டும்தான் பிடிக்குமா? செல்லை உடைத்துச் சாறாக்கிய பிறகு, குழாயில் தன்னைச் சுற்றி மிதக்கும் ஆர்.என்.ஏ.வையும் அதே ஆர்வத்தோடு பிடிக்காதா? சோதனைக் குழாயில் தெரியும் வலுவான பிடி, செல்லுக்குள் பிணைப்பு உண்டு என்பவர்களுக்குச் சாதகம். பிணைப்பு உடைத்த பிறகு உண்டானது என்பவர்களுக்கும் அதே அளவு சாதகம். இரு கட்சிக்கும் ஒரே மாதிரி உதவும் சான்றை வைத்து எந்தக் கட்சிக்கும் தீர்ப்பு எழுத முடியாது. இந்த ஒரு கணக்கை நேராக வைத்திருந்தால் வழக்கின் பாதி அன்றே முடிந்திருக்கும்.

அதற்கான எச்சரிக்கை அச்சில் இல்லாமலும் போகவில்லை. 2004இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டாவ்ரூலா மிலியும் ஜோன் ஸ்டைட்ஸும் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். அடையாளம் கட்டிய எச்.யு.ஆர். புரதம் ஒரு செல் கூட்டத்தில். அது பிடிக்கக்கூடிய சி-ஃபாஸ் ஆர்.என்.ஏ. வேறொரு செல் கூட்டத்தில். இரண்டையும் உடைத்துச் சாற்றைக் கலந்து, புரதத்தை ஆன்டிபாடியால் இழுத்தார்கள். ஆர்.என்.ஏ.வும் கூடவே வந்தது. உயிரோடு இருந்தபோது ஒரே சுவருக்குள் இருந்திராத இரண்டும் குழாயில் ஜோடி சேர்ந்துவிட்டன. மலிவான சோதனை, மறுக்க முடியாத முடிவு. அதன் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் பி.ஆர்.சி.2 பற்றிய முக்கியக் கட்டுரைகள் இந்தக் கலவைச் சோதனையைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேறு கட்டுப்பாட்டுச் சோதனைகள் இருந்தன என்று சொல்வார்கள். இருந்தன. 2010ஆம் ஆண்டுப் பட்டியலுக்கு இ.இசட்.எச்.2 மரபணு நீக்கப்பட்ட செல்களை ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். அந்தச் செல்களில் ஆன்டிபாடி எதையும் பெரிதாக இழுக்கவில்லை என்றால், ஆன்டிபாடி சரியான புரதத்தைத்தான் பிடிக்கிறது என்று தெரியும். ஆனால் அந்தப் புரதம் ஆர்.என்.ஏ.வை எப்போது பிடித்தது என்று தெரியாது. புரதமே இல்லாத செல்லை உடைத்தால், உடைத்த பிறகு சேரவும் புரதம் இல்லை. நீக்கிய செல்லோடு ஒப்பிடுவது ‘யார்’ என்ற கேள்விக்கு விடை தருகிறது. வழக்கில் கேட்கப்பட்டதோ ‘எப்போது’. இந்த வேறுபாட்டை மதிப்பீட்டாளர்களும் கவனிக்காமல் விட்டதுதான் என்னை வியக்கவைக்கிறது.

‘எப்போது’ என்ற கேள்விக்குக் கிளிப் என்ற முறை பதில் சொல்லும் என்று பலர் நம்பினார்கள். 2003இல் ராபர்ட் டார்னலின் ஆய்வகத்தில் யெர்னேய் ஊலே முதலானோர், நரம்பு செல்களின் நோவா புரதத்துக்காக உருவாக்கியது. உயிருள்ள செல்கள் மேல் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளி பாய்ச்சினால், அந்தக் கணத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் புரதத்துக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் இடையே மட்டும் சகப்பிணைப்பு உண்டாகிறது. அதன் பிறகு செல்லை உடைத்து, கடுமையாகக் கழுவி, ஆன்டிபாடியால் இழுத்து, ஜெல்லில் ஓட்டி, நைட்ரோசெல்லுலோஸ் படலத்துக்கு மாற்றி, புரதத்தின் எடைக்குரிய பட்டையை வெட்டியெடுத்து, அதிலுள்ள ஆர்.என்.ஏ.வின் வரிசையை அறிகிறார்கள். ஜெல் புரதங்களை உருக்குலைத்துவிடுகிறது. ஆகவே ஒட்டாமல் வெறுமனே பற்றிக்கொண்டிருந்த ஆர்.என்.ஏ. கழன்றுபோகும், படலத்திலும் தங்காது. காகிதத்தில் பார்த்தால் குறையில்லாத முறை.

குறை எங்கே நுழைகிறது? புற ஊதா ஒளி மிகச் சிக்கனமானது. உண்மையில் தொட்டுக்கொண்டிருப்பவற்றிலும் ஒரு சில சதவீதத்தைத்தான் அது பிணைக்கிறது. யூரிடின் இருக்கும் இடத்தை அதிகம் பிணைக்கும், இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை மிகக் குறைவாக. ஆக, தேடும் பொருள் முதலிலேயே அரிதாகிவிடுகிறது. இன்னொரு பக்கம், ஒளி பட்ட செல்லில் நூற்றுக்கணக்கான வேறு புரதங்களும் தத்தம் ஆர்.என்.ஏ.வோடு உண்மையாகவே ஒட்டிக்கொள்கின்றன. செல்லை உடைத்ததும் அந்த ஒட்டிய ஜோடிகளின் ஆர்.என்.ஏ. பகுதியைக் கண்டதையெல்லாம் பிடிக்கும் பி.ஆர்.சி.2 பற்றிக்கொள்கிறது, அல்லது அவை ஆன்டிபாடியைத் தாங்கும் மணிகளின் பரப்பில் ஒட்டுகின்றன. ஜெல்லில் ஓடும்போது அந்த ஆர்.என்.ஏ. பி.ஆர்.சி.2ஐ விட்டுவிடும். ஆனால் தன்னோடு உண்மையில் ஒட்டியிருக்கும் வேறு புரதத்தை இழுத்துக்கொண்டு ஓடும், படலத்திலும் தங்கும். அந்த வேறு புரதத்தின் எடை வெட்டும் பகுதிக்குள் விழுந்தால், பி.ஆர்.சி.2இன் பெயரில் பதிவாகிவிடும்.

இதை ஜெல்லுக்கு முன்பே தடுத்திருக்கலாமே, இன்னும் கடுமையாகக் கழுவலாமே என்று தோன்றும். முடியாது. இழுத்துப் பிடித்திருப்பது ஆன்டிபாடி, அதுவும் ஒரு புரதம்தான். எல்லாவற்றையும் உருக்குலைக்கும் அளவுக்குக் கழுவினால் அதுவும் உருக்குலைந்து, பிடித்ததை விட்டுவிடும். கிளிப் முறையின் உச்சவரம்பு ஆன்டிபாடியின் தாங்குதிறன்.

தொடக்ககால கிளிப்பில் ஒரு பாதுகாப்பு இருந்தது. ஆர்.என்.ஏ.வின் முனையில் கதிரியக்கப் பாஸ்பரஸை ஏற்றி, ஜெல்லில் பட்டை எங்கே விழுகிறது, புற ஊதா படாத மாதிரியில் அது மறைகிறதா, ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதியைக் கூட்டினால் ஒடுங்குகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவார்கள். 2016இல் வந்த ஈ-கிளிப் வேகத்துக்காக அந்தப் படியை விட்டுவிட்டு, புரதத்தின் எடையிலிருந்து மேலே ஒரு நீளத்தை அப்படியே வெட்டுகிறது. அதற்கு ஈடாக, இழுப்பதற்கு முந்தைய சாற்றிலிருந்து அதே எடைப் பகுதியை வெட்டி ஒப்பிடுகிறது. நல்ல ஏற்பாடுதான், பெருந்தொகையாகச் செய்யவும் முடிந்தது. ஆனால் பட்டை ஒன்று இருக்கிறதா என்று பார்க்கும் கண்ணை அது இழந்தது.

இதோடு சேரும் ஒரு மறதியை நான் எல்லாவற்றையும் விடப் பெரிய குழியாக எண்ணுகிறேன். வரிசை அறியும் கருவிக்கு அளவு தெரியாது, விகிதம் மட்டுமே தெரியும். இழுத்ததில் ஆர்.என்.ஏ. நிறைய இருந்தாலும் ஏறத்தாழ ஒன்றுமே இல்லாவிட்டாலும், பி.சி.ஆரில் பெருக்கிக் கொடுத்தால் கருவி அதே கோடிக்கணக்கான வரிசைத் துண்டுகளைத்தான் திருப்பித் தரும். ஆயிரம் வாக்காளர் உள்ள வார்டில் பத்துப் பேர் வந்து குத்தினாலும் வேட்பாளர்களின் வாக்குச் சதவீதத்தைக் கூட்டினால் நூறுதான் வரும். எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்று சொல்லாமல் சதவீதத்தை மட்டும் படிக்கிற செய்தி அது. நோவா போன்ற வலுவான புரதத்தின் வரைபடமும், எதையும் பிடிக்காத புரதத்தின் பின்னணி இரைச்சலும், திரையில் ஒரே உயரத்துச் சிகரங்களாகத் தெரியக்கூடும். எக்ஸிஸ்ட் போல உட்கருவில் ஏராளமாகக் கிடக்கும் ஆர்.என்.ஏ. அந்த இரைச்சலில் முன்வரிசையில் நிற்பதில் ஆச்சரியம் என்ன?

இப்போது குட்மன் குழுவின் சோதனைக்கு வருவோம். ஜிம்மி குவோ முன்னின்று செய்தது. இரண்டு பகுதி. முதலாவது, மிலியும் ஸ்டைட்ஸும் காட்டிய கலவையின் புதிய வடிவம். மனித செல்லில் புரதத்துக்கு அடையாளத் துண்டு கட்டுகிறார்கள், எலி செல்லில் கட்டவில்லை. இரண்டுக்கும் தனித்தனியே ஒளி பாய்ச்சி, அதன் பிறகு கலந்து உடைக்கிறார்கள். கடைசியில் வரும் வரிசைத் துண்டு மனிதனுடையதா எலியுடையதா என்று கணினி சொல்லிவிடும். எலியின் ஆர்.என்.ஏ. வந்திருந்தால் அது உயிருள்ள செல்லில் அந்தப் புரதத்தைத் தொட்டிருக்க வழியே இல்லை. கிளிப் முறையில் செய்தபோது எலி ஆர்.என்.ஏ. தாராளமாக வந்தது. பி.ஆர்.சி.2இன் பகுதிகளுக்கு மனித ஆர்.என்.ஏ.வின் அளவுக்கு வந்தது. பொய்யென்று முன்கூட்டியே தெரிந்த சமிக்ஞையும் மெய்யென்று நம்பப்பட்ட சமிக்ஞையும் ஒரே உயரம்.

இரண்டாவது பகுதி, கிளாப் என்ற புதிய முறை. ஆன்டிபாடிக்குப் பதில் ஹாலோ என்ற புரத அடையாளத்தைக் கட்டினார்கள். அது தனக்குரிய வேதிப்பொருள் பூசிய மணியோடு சகப்பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு கொதிநிலையை ஒட்டிய சூட்டிலும் கடும் டிடர்ஜென்ட்டிலும் கழுவினாலும் புரதம் மணியை விடாது. மிஞ்சும் ஆர்.என்.ஏ. அந்தப் புரதத்தோடேயே ஒளியால் ஒட்டியதாகத்தான் இருக்க முடியும். பி.டி.பி.பி.1, ஸ்பென் போன்ற ஐயமற்ற ஆர்.என்.ஏ. புரதங்கள் இதில் தம் உரிய இடங்களில் தெளிவாக நின்றன, எலி ஆர்.என்.ஏ. மறைந்தது. பி.ஆர்.சி.2க்கு மனித ஆர்.என்.ஏ.வும் சேர்ந்தே மறைந்தது. சி.டி.சி.எஃப்., ஒய்.ஒய்.1 ஆகிய குரோமாட்டின் புரதங்களின் கதையும் அதேதான்.

குட்மன் குழுவின் கட்டுரையில் முதல் பகுதியை நான் முழுமையாக ஏற்கிறேன். கலவைச் சோதனைக்குத் தப்பிக்க இடமில்லை. பழைய கிளிப் வரைபடங்களைப் பி.ஆர்.சி.2 செல்லுக்குள் ஆர்.என்.ஏ.வைத் தொடுகிறது என்பதற்குச் சான்றாக இனி யாரும் நீட்ட முடியாது. சிகரங்கள் இருப்பதால் மட்டும் எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

ஆனால் சான்று செல்லாது என்பதிலிருந்து பிணைப்பே இல்லை என்பதற்குத் தாவுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கலவையில் இரண்டும் சம உயரம் என்றால், உண்மைச் சமிக்ஞை இரைச்சலுக்குள் மூழ்கியிருக்கிறது என்றுதான் பொருள், அது பூஜ்யம் என்று ஆகாது. கிளாப் இரைச்சலை நீக்கியபின் எதுவும் மிஞ்சவில்லை என்பது வலுவான வாதம். அதன் வலு ஒரு நிபந்தனையைப் பொறுத்தது: பி.ஆர்.சி.2 ஆர்.என்.ஏ.வைத் தொட்டிருந்தால் புற ஊதா ஒளி அதைப் போதுமான அளவு ஒட்டியிருக்க வேண்டும். பி.டி.பி.பி.1 பிடிப்பது பிரிமிடின் மிகுந்த வரிசையை. புற ஊதாவுக்கு அதுதான் பிடித்த உணவு. பி.ஆர்.சி.2 விரும்புவதோ குவானின் நிறைந்த நான்கிழை. நன்றாக ஒட்டும் புரதத்தைச் சாட்சியாக நிறுத்தி, மோசமாக ஒட்டக்கூடிய புரதத்தை இல்லை என்று ஒதுக்குவது ஒப்பீட்டு நியாயம் ஆகாது. செக், டாவிடோவிச், ஜென்னர் தரப்பு முறையின் உணர்திறனைக் கேள்வி கேட்பதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. போதாததற்கு ஹாலோ சிறிய துண்டு இல்லை, முந்நூறு அமினோ அமிலங்களுக்கு அருகில் நீளமுள்ள முழுப் புரதம். அதைக் கட்டிய பகுதி செல்லின் சொந்தப் புரதத்தைப் போலவே கூட்டில் உட்காருகிறதா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி.

ஜீனி லீயின் குழு இன்னொரு வழியில் தாக்கியது. கிளாப் தரவையே எடுத்து வேறு கணினி வழியில் அலசி, பி.ஆர்.சி.2க்கு ஆர்.என்.ஏ. சிகரங்கள் உண்டு, எக்ஸிஸ்டின் ‘ஏ’ மீள்வரிசையிலும் உண்டு, குட்மன் குழு பயன்படுத்திய அளவுமாற்றக் காரணி அவற்றை மறைத்துவிட்டது என்றார்கள். இந்த மறுப்பு என்னை அசைக்கவில்லை. அளவுமாற்றம் இவ்வளவு தீர்மானிக்கிறது என்றால், அடியில் இருக்கும் சமிக்ஞை எவ்வளவு மெலிந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது. மிகக் குறைந்த ஆர்.என்.ஏ. மிஞ்சிய மாதிரியைப் பெருக்கினால் சிகரங்கள் எப்படியும் முளைக்கும், மேலே சொன்ன விகிதக் குழி அதுவே. குட்மன் அளவுமாற்றத்தைப் புகுத்தியதே அந்தக் குழியைத் தாண்டத்தான். அவர் தேர்ந்த காரணியைக் குறை சொல்லலாம், காரணியே வேண்டாம் என்றால் பழைய குழிக்குள் மறுபடி இறங்கியாக வேண்டும்.

மூன்றாவது கூற்றான வழிகாட்டுதல், கிளாப் வருவதற்கு முன்பே ஆட்டம் கண்டிருந்தது. எக்ஸிஸ்டோடு சேர்ந்திருக்கும் புரதங்களை 2015இல் மூன்று குழுக்கள் தனித்தனியே தேடின. புற ஊதாவால் பிணைத்து, உருக்குலைக்கும் கழுவலோடு குட்மன் குழு செய்த தேடலில் ஸ்பென் வந்தது, பி.ஆர்.சி.2 வரவில்லை. 2017இல் நீல் பிராக்டார்ஃப் குழு, எக்ஸிஸ்ட் முதலில் பி.ஆர்.சி.1 என்ற வேறொரு புரதக் கூட்டின் ஒரு வகையை அழைப்பதாகவும், பி.ஆர்.சி.2 அதன் பின்னால் வருவதாகவும் காட்டியது. அழைப்புக்குத் தேவைப்பட்டதும் ‘ஏ’ மீள்வரிசை இல்லை, வேறொரு பகுதியும் அதைப் பிடிக்கும் எச்.என்.ஆர்.என்.பி.கே. புரதமும். அதே ஆண்டு ரஃபேல் மார்குவெரோன் குழு ஹாட்டேரை ஒரு மரபணு அருகே செயற்கையாகக் கட்டிவைத்துப் பார்த்தது. மரபணு அடங்கியது. பி.ஆர்.சி.2ஐ நீக்கிய செல்லிலும் அடங்கியது! எலியில் ஹாட்டேர் பகுதியை நீக்கினால் என்ன ஆகும் என்பதிலும் ஆய்வகங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

2020இல் செக்கின் ஆய்வகம் புதிய ஆதாரம் ஒன்றை வைத்தது. செல்லின் ஆர்.என்.ஏ.வை ஆர்.என்.ஏ.ஸ் நொதியால் அழித்துவிட்டுப் பார்த்தால் பி.ஆர்.சி.2 குரோமாட்டினிலிருந்து காணாமல் போகிறது, ஆகவே அதை அங்கே பிடித்துவைத்திருப்பது ஆர்.என்.ஏ.தான் என்றது. 2024இல் இரண்டு கட்டுரைகள் இதைத் தனித்தனியே பரிசோதித்துக் கவிழ்த்தன. ஆர்.என்.ஏ.வை அழித்ததும் குரோமாட்டினின் கரைதிறன் கெடுகிறது, சம்பந்தமில்லாத டி.என்.ஏ. திரண்டு மணிகளில் படிகிறது. பின்னணி உயர்ந்ததால் பி.ஆர்.சி.2இன் சிகரங்கள் தாழ்ந்தது போலத் தோன்றின. ஆர்.என்.ஏ.வுக்குப் பதிலாக எதிர்மின்னூட்டமுள்ள பாலிகுளுட்டாமிக் அமிலத்தைச் சேர்த்ததும் பி.ஆர்.சி.2 திரும்பவும் தன் இடத்தில் தெரிந்தது. மறுபடியும் அதே விகிதக் குழிதான், இந்த முறை டி.என்.ஏ. பக்கத்தில். அந்த இரண்டில் ஒன்று ரிச்சர்ட் ஜென்னரின் ஆய்வகத்திலிருந்து வந்தது. கிளாப் கட்டுரையை எதிர்த்துச் செக்கோடு சேர்ந்து கையெழுத்திட்ட அதே ஜென்னர். தன் கட்சிக்குச் சாதகமான சான்றையே தோண்டிப் பார்த்துச் செல்லாது என்று எழுதியவருக்கு இந்த வழக்கில் என் மதிப்பு சற்றுக் கூடுதல். பி.ஆர்.சி.2ஐக் குரோமாட்டினிலிருந்து விலக்குவது ஆர்.என்.ஏ.வின் வேலை, பிடித்துவைப்பது இல்லை என்பது அவருடைய நிலை. 2016இல் அவர் குழு காட்டிய, குரோமாட்டினும் ஆர்.என்.ஏ.வும் பி.ஆர்.சி.2க்காக ஒன்றையொன்று தள்ளும் என்ற முடிவோடு அது பொருந்துகிறது.

அந்த முடிவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. உயிருள்ள உட்கருவில் பி.ஆர்.சி.2ஐச் சுற்றிக் குரோமாட்டின் அடர்ந்திருக்கிறது. போட்டியில் ஆர்.என்.ஏ.வுக்கு அங்கே இடம் குறைவு. செல்லை உடைத்து, குரோமாட்டினை வெட்டி, சாற்றைத் தெளியவைக்கும்போது போட்டியாளர் விலகிவிடுகிறார். குழாயில் பி.ஆர்.சி.2க்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் இடையே தடையில்லை. உடைத்த பிறகு சேர்வது தற்செயலாக இல்லாமல், இந்தப் புரதத்துக்கு எதிர்பார்க்கத்தக்கதாகவே ஆகிறது. பிணைப்புத் தளத்தை மட்டும் கெடுத்த மாற்றுருவை வைத்து விடை காணலாம் என்பதும் இங்கே சுலபமில்லை, ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் பரப்பும் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பரப்பும் ஒன்றின் மேல் ஒன்று கிடப்பதால்.

என் தீர்ப்பு இப்படி. சோதனைக் குழாய்ப் பிணைப்பு மெய். குறிப்பிட்ட நீண்ட ஆர்.என்.ஏ. பி.ஆர்.சி.2ஐ முகவரிக்கு அழைத்துப்போகிறது என்ற கதை, ஹாட்டேரிலும் எக்ஸிஸ்டிலும், தள்ளுபடி. உயிருள்ள செல்லில் நேரடித் தொடுகை நிரூபிக்கப்படவில்லை, நிரூபிக்கும் பொறுப்பு ‘உண்டு’ என்பவர்கள் தலைமேல். ‘தெரியவில்லை’ என்ற குட்மன் தரப்பின் வாசகத்தை ‘இல்லவே இல்லை’ என்று படிப்பது அவர்கள் தரவு தாங்கும் எடையைவிடக் கூடுதல். இதை முழுத் தீர்ப்பாக மாற்ற ஒரு சோதனை போதும். தூய பி.ஆர்.சி.2ஐயும் அதற்குப் பிடித்த நான்கிழை ஆர்.என்.ஏ.வையும் தெரிந்த அளவில் குழாயில் சேர்த்து, அதே ஒளியைப் பாய்ச்சி, அதே கிளாப் கழுவலுக்கு உட்படுத்தி எத்தனை சதவீதம் மீள்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். நன்றாக மீண்டால் செல்லிலிருந்து வந்த வெறுமைக்கு நான் தலைவணங்குவேன். மீளவில்லையென்றால் கிளாப் இந்தப் புரதத்தைப் பற்றிப் பேசத் தகுதியில்லாத சாட்சி.

இதற்கிடையில், இந்தக் கேள்வி பி.ஆர்.சி.2ஓடு நிற்பதுமில்லை. மனித மரபணுத்தொகுதியின் செயல்படும் பகுதிகளைப் பட்டியலிடும் என்கோட் திட்டம் 2020இல் 150 புரதங்களின் ஈ-கிளிப் வரைபடங்களை வெளியிட்டது. எண்ணற்ற ஆய்வகங்கள் அவற்றை எடுத்துத் தம் மரபணுவுக்கு அருகில் சிகரம் இருக்கிறதா என்று தேடுகின்றன. அவற்றில் பெரும்பகுதி வலுவான, ஐயமற்ற ஆர்.என்.ஏ. புரதங்கள், அவற்றின் வரைபடங்கள் நிற்கும். விளிம்பில் நிற்கும் புரதங்களுக்கு, முக்கியமாக டி.என்.ஏ.வோடு வேலை செய்துகொண்டே ஆர்.என்.ஏ.வையும் பிடிப்பதாகச் சொல்லப்படுபவற்றுக்கு, இரண்டு இன செல்களைக் கலந்த சோதனை இல்லாமல் எந்தச் சிகரத்தையும் நான் பிணைப்பு என்று எழுதமாட்டேன். அந்தச் சோதனைக்குத் தேவைப்படுவது எலி செல்கள் ஒரு தட்டு.